எளிமையில் எழில் கண்ட ஓவியர்

புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசல் குகைக்கோயிலின் விதானத்தில் தாமரைக்குளம் ஒன்று தீட்டப்பட்டுள்ளது. மீனும் எருமையும் பூப்பறிப்போரும் அங்கே கலைக்குப் பொருளாயினர். ஆனால், பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சு நாட்டின் அரச ஓவியக் கழகம் அன்றாடப் பொருள்களை அவ்வாறு மதிக்கவில்லை. வரலாறு, புராணக் காட்சிகளுக்கு முதலிடத்தையும், பழம், பாத்திரம் முதலியவற்றை வரைந்த ஓவியங்களுக்குக் கடைசி இடத்தையும் அது வழங்கியது. அக்கடைசி இடத்தில் நின்றே உயர்ந்தவர் ழான் சிமியோன் ஷார்தேன்.

இவர் 1699ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் பாரிசு நகரில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். பிற ஓவியர்களைப் போல இத்தாலி சென்று பயிலவில்லை. வீட்டுச் சமையலறையே இவருக்குப் பயிற்சிக்கூடமாயிற்று. 1728இல், விலங்குகளையும் பழங்களையும் வரைபவர் என்ற நிலையில் ஓவியக் கழகத்தில் உறுப்பினரானார். பின்னர் 1755இல் அதன் பொருளாளராகவும் உயர்ந்தார்.

1761ஆம் ஆண்டளவில் இவர் வரைந்த ஓவியத்தில், கூடை நிறையக் காட்டு ஸ்ட்ராபெரிப் பழங்கள் செங்கூம்பாகக் குவிந்துள்ளன. அருகே ஒரு குவளை நீரும் இரு வெண்மலர்களும் உள்ளன. சிவப்பின் வெம்மையை நீரின் தெளிவும் மலரின் வெண்மையும் தணிக்கின்றன. 1763இல் வரைந்த மற்றொன்றில், வெண்ணெயும் முட்டையும் சேர்த்துச் சுட்ட பிரியோசு என்னும் ரொட்டி நடுவே உயர்ந்து நிற்கிறது. அதன் உச்சியில் ஆரஞ்சுப் பூங்கொத்து செருகப்பட்டுள்ளது. பக்கத்தில் பீங்கான் சர்க்கரைக் கிண்ணமும் பழங்களும் உள்ளன. உண்டு தீர்ந்துபோகும் சிற்றுண்டி, உருண்டை, கூம்பு, ஒளி, நிழல் என்னும் வடிவப் பாடமாக மாறிவிடுகிறது.

தம் மகனையோ, கழகம் போற்றிய வரலாற்று ஓவியத்திலேயே பயிற்றுவித்தார் ஷார்தேன். புகழ்பெறும் முன்பே அம்மகன் வெனிசு நகரில் மறைந்தார். முதுமையில் கண்பார்வை குன்றியதால் எண்ணெய் வண்ணத்தைக் கையாள இயலவில்லை. எனினும் ஓவியர் ஓயவில்லை. உலர் வண்ணக்கோல்களைக் கையிலெடுத்தார். மூக்குக்கண்ணாடி அணிந்த தம் முதிய முகத்தையே 1771இல் அவற்றால் தீட்டினார். 1779 டிசம்பர் 6ஆம் நாள், 80ஆம் வயதில் காலமானார்.

1870இல் எதுவார் மனே இவரது தாக்கத்தால் பிரியோசு ரொட்டியை வரைந்தார். 1963இல் அமெரிக்கரான வேய்ன் தீபோ, கடையில் அடுக்கிய கேக்குகளைப் பேரோவியமாக்கினார். ஓவியத்தின் உயர்வு வரையப்படும் பொருளில் இல்லை. அதனைக் காணும் கண்ணில் உள்ளது என்பதை ஷார்தேனின் வாழ்வு உணர்த்துகிறது.