கியூரி அம்மையாரின் எக்ஸ்ரே லோரி

மேரி கியூரி என்றதும் நம்ம பிள்ளைகளுக்கு என்ன ஞாபகம் வரும்? ரேடியம், அப்புறம் இரண்டு நோபல் பரிசு. புதிர்ப்போட்டியில் கேட்டால் பட்டென்று பதில் வந்துவிடும். நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிற ஆள். அந்த அம்மையார் செய்ததிலேயே பெரிய காரியம் எது என்று என்னைக் கேட்டால், ரேடியத்தைச் சொல்ல மாட்டேன். அவர் ஓட்டிக்கொண்டு போன எக்ஸ்ரே லோரியைத்தான் சொல்வேன். அந்தக் கதை நம் இளைஞர்கள் பலருக்குத் தெரியாது.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1867 நவம்பர் 7ஆம் நாள் போலந்தின் வார்சா நகரில் பிறந்தார். நாடு ரஷ்ய ஆட்சியில் கிடந்தது. பெண்களுக்கு அங்கே பல்கலைக்கழகக் கதவு திறக்காது. அக்காவும் தங்கையும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். முதலில் அக்கா புரோனியா பாரிசில் மருத்துவம் படிப்பது, மேரி பணக்கார வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பணம் அனுப்புவது. பிறகு அக்கா தங்கையைப் பார்த்துக்கொள்வது. சொன்னபடியே நடந்தது. 1891இல் மேரி பாரிஸ் போனார். இரண்டே வருடத்தில் இயற்பியல் தேர்வில் முதலாவதாக வந்தார். 1895இல் பியர் கியூரியை மணந்தார். அதே வருடம் நவம்பரில்தான் ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். இதைக் கவனியுங்கள், எக்ஸ்ரே கியூரியின் கண்டுபிடிப்பு இல்லை. அவருடையது பொலோனியமும் ரேடியமும், 1898இல். 1906இல் பியர் குதிரை வண்டியில் அடிபட்டு இறந்தார். இரண்டு பெண் பிள்ளைகள். 1911இல் இரண்டாவது நோபல் பரிசு வாங்கியபோது மேரி தனி ஆளாக இருந்தார்.

1914 ஆகஸ்டில் போர் வெடித்தது. அவருக்காகக் கட்டிய ரேடிய ஆய்வுக்கூடம் அப்போதுதான் முடிந்திருந்தது. அங்கே வேலை செய்ய வேண்டிய ஆண்கள் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள். ஜெர்மானியப் படை பாரிசை நெருங்கியது. கையிலிருந்த ஒரே ஒரு கிராம் ரேடியத்தை ஈயப் பெட்டியில் வைத்து, ரயிலேறி போர்டோ நகரில் பத்திரமாக ஒப்படைத்துவிட்டு, ஜனங்கள் எல்லாம் ஓடிவந்த பாரிசுக்கே திரும்பிப் போனார்.

காயம்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் வந்துகொண்டிருந்தார்கள். உடம்புக்குள்ளே குண்டு, வெடிகுண்டுச் சிதறல், நொறுங்கிய எலும்பு. எங்கே இருக்கிறது என்று தெரியாமல் டாக்டர் கத்தியை வைத்துத் தேட வேண்டும். எக்ஸ்ரே இயந்திரம் இல்லாமலில்லை. ஆனால் அது நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளில் இருந்தது. போர்முனைக்குப் பக்கத்திலோ பள்ளிக்கூடத்திலும் பழைய மாளிகையிலும் அவசரமாகப் போட்ட ஆஸ்பத்திரிகள்தான், கரண்டே கிடையாது. குண்டும் குழியுமான பாதையில் நகரம் போய்ச் சேர்வதற்குள் எத்தனை பேருடைய காலும் கையும் அழுகிப் போயிருக்கும், யோசிச்சுப் பாருங்க.

ஆளை இயந்திரத்துக்குக் கொண்டுபோக முடியாவிட்டால் இயந்திரத்தை ஆளிடம் கொண்டுபோக வேண்டியதுதானே! கியூரி செய்தது அதைத்தான். ஒரு காரில் டைனமோவைப் பொருத்தினார். காரின் எஞ்சினே டைனமோவைச் சுழற்றும், 110 வோல்ட், 15 ஆம்பியர் கரண்ட் வரும். பின்னாலே எக்ஸ்ரே குழாய், அதைத் தாங்கும் ஸ்டாண்டு, ஒளிரும் திரை, கண்ணாடித் தட்டுகள், மடக்கு மேசை, கறுப்புத் திரைச்சீலை. ஆஸ்பத்திரிக்குப் போய் இறங்கியதும் ஓர் அறையைப் பிடித்து, ஜன்னலை மூடி, வெளியே நிற்கும் வண்டியிலிருந்து வயரை இழுத்துவிட்டால் அரை மணி நேரத்தில் எக்ஸ்ரே அறை தயார்.

பணம்? பிரான்சுப் பெண்கள் சங்கம் ஒன்று முதல் வண்டிக்கு உதவியது. மற்றதற்கு வசதியுள்ள சீமாட்டிகளின் வீடு வீடாகப் போய்க் கார் கேட்டார். நோபல் பரிசு இரண்டு வாங்கியவர், நாம் கோவில் திருவிழாவுக்கு நன்கொடை கேட்பதுபோல! பட்டாள அதிகாரிகளிடம் அனுமதிக்கு அலைந்தது தனிக்கதை. இருபது வண்டிகள் சேர்ந்தன. சிப்பாய்கள் அவற்றுக்கு ‘குட்டி கியூரிகள்’ என்று பெயர் வைத்தார்கள். 1916இல் அவரே ஓட்டுநர் உரிமம் எடுத்தார். டயர் பஞ்சரானால் மாற்றுவார், கார்புரேட்டரில் அழுக்கு அடைத்தால் கழற்றித் துடைப்பார். வண்டிகள் போக, ஏறக்குறைய 200 நிலையான எக்ஸ்ரே அறைகளையும் அமைத்தார். எல்லாம் சேர்த்து, பரிசோதிக்கப்பட்ட வீரர்கள் பத்து லட்சத்துக்கு மேல்.

இனிமேல் சொல்வது என் தொழில் சம்பந்தப்பட்டது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். எக்ஸ்ரே படம் என்பது நிழல்தான். தொடையில் குண்டு இருக்கிறது என்று நிழல் காட்டும். தோலுக்குக் கீழே இரண்டு செண்டிமீட்டரிலா, பத்திலா என்று காட்டாது. பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கலாமே என்பீர்கள். தொடை எலும்பு நொறுங்கிக் கத்திக்கொண்டிருக்கிற ஆளைத் திருப்பிப் பாருங்கள், அப்போது தெரியும்.

ஆகவே ஆளை அசைக்காமல் குழாயை அசைத்தார்கள். முதலில் ஒரு படம். பிறகு குழாயை மட்டும் அளந்து நகர்த்தி இன்னொரு படம். குண்டின் நிழல் கொஞ்சம் தள்ளி விழும். தட்டிலிருந்து குழாய் 60 செண்டிமீட்டர் உயரம், நகர்த்தியது 10, நிழல் நகர்ந்தது 2 என்று வையுங்கள். வடிவொத்த முக்கோணக் கணக்குப்படி குண்டு தட்டுக்கு மேலே 10 செண்டிமீட்டரில் இருக்கிறது. தோலில் மையால் குறி போட்டு, இத்தனை ஆழம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம். இரண்டு படத்துக்கும் நடுவில் ஆள் ஓர் அங்குலம் நகர்ந்தால் கணக்கு முழுக்கப் பாழ். அதனால்தான் மேசை, மணல் மூட்டை, தலையணை எல்லாம் எங்களுக்கு இயந்திரம் மாதிரியே முக்கியம்.

நோயாளி படுக்கும் மேசைக்கு அடியில் நாங்கள் ‘பக்கி’ என்று சொல்லும் ஒரு பகுதி உண்டு. அது ஓர் ஆளின் பெயர். குஸ்டாவ் பக்கி என்ற ஜெர்மானிய டாக்டர், சிதறும் கதிர் படத்தை மங்கலாக்காமல் இருக்க மெல்லிய ஈயப் பட்டைகளால் ஆன தட்டியை 1913இல் செய்தார். அந்தப் பட்டைகளின் கோடு படத்தில் விழாதபடி தட்டியை நகர வைத்தவர் சிகாகோவின் ஹோலிஸ் பாட்டர். போர் நடந்த அந்தக் காலத்தில் இந்த வசதி எல்லாம் வண்டிகளில் ஏறவில்லை.

மூத்த மகள் ஐரீனையும் கியூரி கூடவே அழைத்துப் போனார். போர் தொடங்கியபோது அந்தப் பெண்ணுக்கு 17கூட நிறையவில்லை. பதினெட்டு வயதில் பெல்ஜியத்தில் ஹூக்ஸ்டாட என்ற ஊரின் எக்ஸ்ரே அறையைத் தனியாகப் பொறுப்பேற்று நடத்தினாள். முக்கோணக் கணக்கை நம்பாமல், குண்டு நுழைந்த ஓட்டை வழியாகவே தேடிய டாக்டர்களிடம் அவள் படம் போட்டு விளக்க வேண்டியிருந்தது. கையில் இருந்த தைரியமெல்லாம் அம்மா கற்றுக்கொடுத்த கணக்குத்தான். 1916 முதல் தாயும் மகளுமாகப் பெண்களுக்கு எக்ஸ்ரே பயிற்சி கொடுத்தார்கள். மின்சாரம், உடற்கூறு, படம் எடுப்பது எல்லாம் பாடம். போர் முடிவதற்குள் சுமார் 150 பேர் தேறினார்கள். என் தொழிலின் பாட்டிமார்கள் அவர்கள் என்று நான் எண்ணிக்கொள்வேன்.

நாங்கள் ஈய ஏப்ரன் போட்டு, படம் எடுக்கும்போது தடுப்புக்குப் பின்னால் நிற்கிறோம். நெஞ்சில் குத்தியிருக்கும் பேட்ஜ், எவ்வளவு கதிர் பட்டது என்று கணக்கு வைக்கும். அவர்களுக்கு அப்படிப்பட்ட பாதுகாப்பு சரியாக இல்லை. இருட்டறையில் திரைக்குப் பக்கத்திலேயே நின்று, ஒருவர் பின் ஒருவராகக் கிடத்தப்பட்ட வீரர்களைப் பார்த்தார்கள்.

1934 ஜூலை 4ஆம் நாள், 66ஆம் வயதில், எலும்பு மஜ்ஜை புது இரத்தம் உண்டாக்க முடியாமல் போகும் இரத்தசோகையில் மேரி கியூரி காலமானார். ஐரீன் 1956இல் இரத்தப் புற்றுநோயில் போனார். 1995இல் மேரியின் உடலைப் பாரிசின் பாந்தியோன் நினைவு மண்டபத்துக்கு மாற்ற எடுத்தபோது, பிரான்சின் கதிர்ப் பாதுகாப்பு அதிகாரிகள் சவப்பெட்டியைச் சோதித்தார்கள். உள்ளே இருந்த ரேடியத்தின் அளவு அவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ரேடியத்தைவிட, போர்க்காலத்தில் அந்த வண்டிகளோடு அலைந்தபோது பட்ட எக்ஸ் கதிரே நோய்க்குக் காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வந்த முடிவு.