விழித்திரைக் கிழிசலை அடைத்தவர்

நன்றாக இருந்த கண்ணில் திடீரென்று மின்னல் வெட்டுவது போல் ஒளி தெறிக்கும், கரும்புள்ளிகள் மிதக்கும். பிறகு ஓரத்திலிருந்து ஒரு கறுப்புத் திரை மெல்லப் படரும். முழுதும் படர்ந்துவிட்டால் பார்வை போயிற்று! விழித்திரை, கண்ணின் உட்சுவரை விட்டுக் கழன்று விடுவதால் வரும் நோய் இது. 1920-க்கு முன்பு இந்த நோயாளியைக் கண்டால் பெரிய டாக்டர்களும் கையை விரித்து விடுவார்கள். அந்த நிலையை மாற்றியவர் டாக்டர் ஜூல்ஸ் கோனின்.

இவர் 1870-ம் ஆண்டு சுவிட்ஜர்லாந்து தேசத்தின் லோசான் நகரில் பிறந்தார். அங்கேயே வைத்தியம் பயின்று, மார்க் டூஃபூர் என்னும் கண் மருத்துவ நிபுணரிடம் தொழில் பழகினார்.

அக்காலத்தில் இந்த நோய்க்கு என்ன சிகிச்சை தெரியுமா? கண்ணைக் கட்டி, வாரக் கணக்கில் அசையாமல் படுக்க வைப்பார்கள். ஊசியால் குத்தி, உள்ளே தேங்கிய நீரை வடிப்பார்கள். நீர் மறுபடியும் சேரும்; விழித்திரை மறுபடியும் கழலும். ஏன் சேருகிறது என்பதுதான் யாருக்கும் விளங்கவில்லை.

கோனின் அந்தக் காரணத்தைத் தேடினார். கண்ணுக்குள் நிறைந்திருக்கும் பாகு போன்ற பொருள் சுருங்கும்போது விழித்திரையை இழுத்துக் கிழிக்கிறது. அந்தக் கிழிசல் வழியே நீர் புகுந்து, சுவரில் ஒட்டிய காகிதத்தை ஈரம் கிளப்புவது போல் அதைக் கிளப்பி விடுகிறது என்று 1904-ல் எழுதினார். பலர் ஒப்பவில்லை. கிழிசல் நோயின் விளைவே தவிரக் காரணமல்ல என்று வாதாடினர்.

கோனின் தளரவில்லை. கண்ணின் உட்புறத்தைக் காட்டும் கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-லேயே உலகுக்கு அளித்திருந்தார். அதைக் கொண்டு கோனின் மணிக்கணக்கில் தேடிக் கிழிசலைக் கண்டுபிடிப்பார். படம் வரைந்து, அளந்து, அதற்கு நேராக விழியின் வெளிப்புறத்தில் அடையாளமிடுவார். அங்கே சிறிது கீறி, பழுக்கக் காய்ச்சிய முனையால் சுடுவார். புண் ஆறித் தழும்பாகும்போது கிழிசல் மூடி, விழித்திரை ஒட்டிக்கொள்ளும். போன பார்வை திரும்பியவர்கள் உண்டு!

1929-ல் ஆம்ஸ்டர்டாம் நகரில் கண் மருத்துவர்களின் சர்வதேச மாநாடு கூடியது. பல தேசத்து டாக்டர்கள், கோனின் முறையால் தாங்கள் பெற்ற வெற்றியை அங்கே எடுத்துரைத்தனர். ஏளனம் ஓய்ந்தது. தம் அனுபவம் முழுவதையும் 1934-ல் நூலாக வெளியிட்டார் கோனின். மறு வருஷமே காலமானார். அவர் பெயரால் வழங்கும் பதக்கத்தைக் கண் மருத்துவர்கள் பெரும் பேறாகக் கருதுகின்றனர். 1971-ல் அவர் தேசம் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

சுட்ட முனை போய் லேசர் ஒளியும், உறைய வைக்கும் குளிர்ச் சிகிச்சையும் வந்துவிட்டன. விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கும் யந்திரங்களும் வந்துவிட்டன. ஆனால், கிழிசலைக் கண்டுபிடி, அதை மூடு என்னும் அவரது விதி மாறவில்லை. கூர்மையான பார்வைக்கு இருப்பிடமான நடுப்பகுதி கழலுமுன் சிகிச்சை செய்தால் பலன் அதிகம். ஆகவே கண்ணில் மின்னலும் திரையும் தோன்றினால் நாளைக்கு என்று தள்ளாமல், அன்றைக்கே டாக்டரிடம் போவதுதான் புத்திசாலித்தனம்.