‘சிவப்பு முயல்’: வரலாறு கைவிட்ட போர்க்குதிரையை நாவல் காப்பாற்றியது எப்படி?

‘டைனஸ்டி வாரியர்ஸ்’ கேம் ஆடியவர்களுக்கு ‘ரெட் ஹேர்’ குதிரையைத் தெரிந்திருக்கும். சீனப் பெயர் சீத்தூ. அர்த்தம், சிவப்பு முயல். தலை முயல் மாதிரி இருந்ததால் இந்தப் பேர் வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. கேமுக்காக உருவாக்கின கேரக்டர் இல்லைங்க. சுமார் 1,800 வருஷங்களுக்கு முன்னால், ஹான் பேரரசு சரிந்துகொண்டிருந்த காலத்தில் நிஜமாகவே இருந்த குதிரை.

அதன் எஜமானர் லூ பூ. அந்தக் காலத்தின் மிகப் பெரிய வீரர், ஆனா கொஞ்சமும் நம்ப முடியாத ஆள். 189-ல் தன் மேலதிகாரி டிங் யுவானைக் கொன்றுவிட்டு, டோங் ஜுவோ பக்கம் தாவினார். டோங் ஜுவோ அவரை மகன் மாதிரி வைத்துக்கொண்டார். 192-ல் அவரையும் லூ பூ கொன்றார்.

அடுத்து யுவான் ஷாவ் என்ற தளபதியிடம் போய்ச் சேர்ந்தார். சீத்தூவின் உண்மையான பெருமை இங்கேதான். எதிரில் ஜாங் யான் என்ற கிளர்ச்சித் தலைவர். அவரிடம் பத்தாயிரத்துக்கும் மேல் வீரர்கள், சில ஆயிரம் குதிரைகள். லூ பூ சீத்தூ மேல் ஏறி, சில டஜன் ஆட்களோடு ஒரே நாளில் மூன்று, நான்கு முறை அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து, தலைகளை வெட்டிக்கொண்டு வெளியே வந்தார். பத்து நாளுக்கு மேல் இதே கதை. கடைசியில் ஜாங் யான் படை உடைந்தது.

199-ல் சாவோ சாவோ லூ பூவைப் பிடித்துக் கழுத்தை நெரித்துக் கொன்றார். அதுக்கப்புறம் குதிரை என்ன ஆனது? வரலாற்று நூல்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அந்த இடைவெளியை நிரப்பியது ‘மூன்று ராஜ்ஜியங்களின் கதை’ நாவல். லுவோ குவான்ஜோங் எழுதியதாகச் சொல்லப்படுவது. இதில் சீத்தூ முதலில் ஒரு லஞ்சம்! டிங் யுவானைக் கொல்ல, டோங் ஜுவோ லூ பூவுக்குக் கொடுத்த விலை. பிறகு லூ பூவிடம் அடி வாங்கிய ஹோ செங் என்ற அதிகாரி, கோபத்தில் குதிரையைத் திருடி சாவோ சாவோவிடம் சேர்க்கிறார்.

சாவோ சாவோ அதைத் தன்னிடம் சரணடைந்திருந்த குவான் யூவுக்குக் கொடுக்கிறார். தங்கம், பட்டு, அழகிகள் எதுக்கும் மசியாத குவான் யூ, குதிரைக்கு மட்டும் விழுந்து வணங்குகிறார். ஏன்? தன் அண்ணனாக வரித்த லியு பெய் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால், ஒரே நாளில் போய்ச் சேரலாமே! ஏன்டா கொடுத்தோம் என்று சாவோ சாவோவுக்கு ஆகிவிடுகிறது.

குவான் யூ கொல்லப்பட்டதும் சுன் சுவான், குதிரையைத் தன் ஆள் மா ஜோங்குக்குப் பரிசளிக்கிறார். அது தீவனத்தைத் தொடவே இல்லை. பட்டினி கிடந்தே செத்துப்போகிறது.

லாஜிக் இடிக்கும்தான். 189-லேயே போர்க்குதிரையாக இருந்தது, 30 வருஷம் கழித்தும் போர்க்களத்தில் ஓடியிருக்க முடியாது. குவான் யூவுக்குக் கொடுத்ததுக்கும் ஆதாரம் கிடையாது. ஆனா மக்கள் மனசில் சீத்தூ குவான் யூவோட குதிரைதான். அவரைத் தெய்வமாகக் கும்பிடும் பல கோயில்களில் பக்கத்திலேயே சிவப்புக் குதிரைச் சிலை நிற்கிறது. பத்து நாள் சண்டையில் அதை ஓட்டிய லூ பூவை அங்கே யாரும் தேடுவதில்லை.