பிளாரன்ஸ் நைட்டிங்கேல்: மருந்தின் பெயரும் நோயாளியின் சொல்லும்

பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையிலோ அரசு ஸ்டான்லி மருத்துவமனையிலோ நீங்கள் உள்நோயாளியாக இருந்தால், மாத்திரை கொடுக்கும் முன் செவிலியர் உங்கள் பெயரைக் கேட்பார். காலையில் கேட்டவரே மாலையிலும் கேட்பார். மறதியால் கேட்பதாக எண்ண வேண்டாம். சரியான நோயாளி, மருந்து, அளவு, செலுத்தும் வழி, நேரம் ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு முறையும் உறுதிசெய்வது அவரது கடமை. செவிலியத்தை இத்தகைய பொறுப்புள்ள தொழிலாக வளர்த்தவர்களில் முதன்மையானவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் ஆவார்.

அவர் 1820ஆம் ஆண்டு மே 12 அன்று, இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தார். செவிலியம் மதிப்பற்ற வேலையாகக் கருதப்பட்ட காலம் அது. வீட்டார் நெடுநாள் எதிர்த்தனர். 1851இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் பயிற்சி பெற்றார். 1853இல் லண்டன் ஹார்லி தெருவில் பெண்களுக்கான சிறு மருத்துவமனையின் கண்காணிப்பாளரானபோது அவர் முதலில் வற்புறுத்தியவற்றுள் ஒன்று அழைப்பு மணி. நோயாளி மணியடித்தால் அது அந்தத் தளத்துச் செவிலியரின் அறை வாசலிலேயே ஒலிக்க வேண்டும். அழைத்தவர் யார் என்பதும் அங்கேயே தெரிய வேண்டும். இன்று உங்கள் கட்டிலருகே உள்ள பொத்தானின் பணியும் இதுவே.

1854இல் 38 பெண்களுடன் கிரிமியப் போருக்குச் சென்ற வரலாற்றைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் நோயாளிகளுக்கு அதனினும் பயன்பட்டது, 1859இல் அவர் எழுதிய செவிலியக் குறிப்புகள் நூல் எனலாம். போரிலிருந்து திரும்பிய பின் அவரே பல ஆண்டுகள் படுக்கையில் கிடந்தவர். நோயாளியின் பக்கம் நின்று எழுதினார். மருத்துவரும் உறவினரும் அறை வாசலில் கிசுகிசுத்துப் பேசுவது நோயாளியை வதைக்கும் என்றார். இரவு நன்றாகக் கழிந்ததா எனக் கேட்டால் ஆம் என்ற விடையே வரும். ஆகவே எத்தனை மணி நேரம், எந்த நேரத்தில் உறங்கினார் எனக் கேட்க வேண்டும் என்று கற்பித்தார்.

மருந்து குறித்து அவர் பதிந்த நிகழ்வு ஒன்று உண்டு. மருத்துவர் ஒருமுறை எழுதித் தந்த பாதரச மாத்திரையைச் சில சீமாட்டிகள் சாதாரணப் பேதி மருந்தாக வாரத்திற்கு இரண்டு, மூன்று முறை தாமும் உண்டு, பிறருக்கும் கொடுத்து வந்தனர். ஒருவரது செய்தியை நைட்டிங்கேலே மருத்துவருக்குத் தெரிவித்தார். மருத்துவர் தீங்கு குறைந்த மாத்திரையாக மாற்றினார்; அந்தப் பெண்மணியோ, புதியது முன்னதுபோல் ஒத்துவரவில்லை எனக் குறைபட்டுக்கொண்டார்! வேறு சிலர் கொலோசிந்த், கோல்ச்சிகம் என்ற இரு பெயர்களையும் குழப்பிக்கொண்டனர். முன்னது பேய்க்குமட்டிக் காயிலிருந்து எடுக்கப்படும் கடும் பேதி மருந்து. பின்னது கவுட் மூட்டுவலிக்கு உரியது. அளவு மீறினால் உயிரையே பறிக்கும்.

ஒலியால் ஒத்த மருந்துப் பெயர்கள் இன்றும் ஆபத்தானவையே. பக்கத்து வீட்டாருக்குக் கேட்ட மாத்திரை உங்களுக்கும் கேட்கும் என்று வாங்கி உண்ண வேண்டாம். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் மீண்டும் மீண்டும் வாங்குவதும் அந்தச் சீமாட்டிகள் செய்ததே. செவிலியர் நீட்டும் மாத்திரை நேற்றையதைவிட நிறத்திலோ அளவிலோ வேறுபட்டால், விழுங்கும் முன் கேளுங்கள். அவர் மருத்துவரின் குறிப்பைச் சரிபார்த்துச் சொல்லும்வரை காத்திருக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒவ்வாமை இருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

நைட்டிங்கேல் இந்தியாவிற்கு வந்ததேயில்லை. எனினும் இங்குள்ள ராணுவ நிலையங்களுக்கு வினாப்பட்டியல் அனுப்பி விடைகளை ஆராய்ந்தார். குடிநீர், வடிகால் சீர்கேடுகளை 1863இல் வெளிவந்த ஆணைய அறிக்கை வெளிச்சமிட்டது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. அவர் 1910 ஆகஸ்ட் 13 அன்று, 90ஆம் வயதில் காலமானார். செவிலியரையும் மகப்பேறு உதவியாளரையும் பதிவுசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1926இல் வந்தது.

மருந்து உண்டபின் தடிப்பு, மூச்சுத்திணறல் போன்றவை தோன்றினால் உடனே அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மருந்து அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.