வடுவூர் துரைசாமி ஐயங்கார்: தாசில்தார் வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் நாவல் எழுதியவர்

ராஜேஷ்குமாருக்கு முன்னால் சுஜாதா, அவருக்கும் முன்னால் தமிழ்வாணன். தமிழ் க்ரைம் நாவல் என்றதும் பெரும்பாலானவர்களின் நினைவு இதோடு நின்றுவிடும். ஆனால் தமிழ்வாணனின் சங்கர்லால் டீ குடிக்க ஆரம்பிப்பதற்குப் பல வருடங்கள் முன்பே, திகம்பர சாமியார் என்றொரு துப்பறிவாளர் தமிழ் வாசகர்களைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருந்தார். அந்தச் சாமியாரைப் படைத்தவர் வடுவூர் கே.துரைசாமி ஐயங்கார்.

1880-ல் மன்னார்குடி பக்கத்தில் இருக்கும் வடுவூரில் பிறந்தார். கோதண்டராமர் கோயிலும் பறவைகள் சரணாலயமும் இருக்கிற அதே வடுவூர்தான். படித்து முடித்து அரசாங்க வேலைக்குப் போய், தாசில்தாராக இருந்தார். வெள்ளைக்காரன் ஆட்சியில் தாசில்தார் என்றால் ஊரே எழுந்து நிற்கும். அந்த வேலையை விட்டுவிட்டு, நாவல் எழுதிப் பிழைக்கலாம் என்று முடிவெடுத்தார். சென்னை திருவல்லிக்கேணி அவருடைய இடமானது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பத்தில் ஒருவர் அளவுக்கே இருந்த காலம் அது. இன்றைக்கு ஐடி வேலையை விட்டுவிட்டு யூடியூப் சேனல் ஆரம்பிப்பதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

களத்தில் அவர் தனியாக இல்லை. பண்டித நடேச சாஸ்திரி 1894-லேயே ‘தானவன்’ என்ற போலீஸ் கதையை எழுதியிருந்தார். ஜே.ஆர்.ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ 1908-ல் வந்து, துப்பறியும் கோவிந்தனைப் பிரபலமாக்கியது. ஆரணி குப்புசாமி முதலியார் இன்னொரு பக்கம் எழுதிக் குவித்துக்கொண்டிருந்தார். இந்தப் போட்டிக்கு நடுவில்தான் வடுவூரார் ‘மனோரஞ்சனி’ என்ற மாத இதழை நடத்தி, தன் வாசகர்களைப் பிடித்தார்.

காப்பியடித்தாரா?

இந்தக் கேள்வி அன்றிலிருந்து இன்றுவரை அவரைத் துரத்துகிறது. பதில்: ஆமாம், கொஞ்சம். ஜி.டபிள்யூ.எம்.ரெய்னால்ட்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 19-ம் நூற்றாண்டில் லண்டனின் இருட்டுச் சந்துகளை வைத்து எக்கச்சக்கமான பக்கங்கள் எழுதினார். இங்கிலாந்தே அவரை மறந்த பிறகும் இந்தியாவில் அவருக்கு வாசகர்கள் இருந்தார்கள். தமிழில் அன்று எழுதிய மூவருமே அந்த மாதிரி நாவல்களிலிருந்து கதைப்பின்னலை எடுத்துக்கொண்டவர்கள்தான். ஆள்கடத்தல், மாறுவேடம், கள்ள உயில், நிலவறை எல்லாம் அப்படி வந்த சரக்கு.

வடுவூரார் அந்தச் சரக்கை இறக்கிவைத்த இடம்தான் வேறு. ‘கும்பகோணம் வக்கீல் அல்லது திகம்பர சாமியார்’ என்ற தலைப்பையே பாருங்கள். (தலைப்பில் ‘அல்லது’ போடுவது அந்தக் காலத்து நாவல்களின் வழக்கம். இன்றைய யூடியூப் தம்ப்நெயில் செய்கிற வேலையை அது செய்தது.) லண்டன் பிரபு கும்பகோணத்து வக்கீலாகிவிடுகிறார். கோர்ட்டு, கச்சேரி, லஞ்சம், பொய்சாட்சி என்று ஒரு தாசில்தார் தினமும் பார்த்திருக்கக்கூடிய உலகம் கதைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. விட்டுவிட்டு வந்த வேலை எழுத்தில் கைகொடுத்தது என்றே சொல்லலாம்.

வில்லன் வீட்டுக்குள்ளேயே

அவருடைய நாவல்களில் அதிகம் பேசப்பட்டது ‘மேனகா’. தஞ்சாவூர் டிப்டி கலெக்டரின் மகள் மேனகா, வராகசாமி என்பவருக்கு வாழ்க்கைப்படுகிறாள். வீட்டில் பெருந்தேவி, கோமளம் என்று விதவைகளான இரண்டு நாத்தனார்கள். அவர்கள் சதி செய்து, மேனகாவை ஒரு பணக்கார மரக்காயருக்கு விற்றுவிடுகிறார்கள். புருஷனோ, மனைவி தன்னைவிட்டு ஓடிப்போய்விட்டாள் என்று நம்புகிறான்.

ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் குற்றவாளி வெளியிலிருந்து வருவதுண்டு. வடுவூராரிடம் குற்றம் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நடக்கிறது. கொலைகாரன் யார் என்பதைவிட, இந்தப் பெண் திரும்பி வந்தால் அவள் பேச்சை யார் நம்புவார்கள் என்பதுதான் வாசகர்களை உலுக்கிய கேள்வி. 1920-களில் அது வெறும் கதைக் கேள்வி அல்ல.

இன்றைக்குப் படித்தால் நெருடுகிற இடங்களும் நிறைய. கற்பைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பிரசங்கம் வரும். விதவைகள் என்றாலே சூழ்ச்சிக்காரிகள், வாங்கியவர் முஸ்லிம் பணக்காரர் என்ற வார்ப்புகள் சுகமானவை அல்ல. ஆனாலும் மேனகாவைக் காப்பாற்றுவது அந்த மரக்காயரின் மனைவி நூர்ஜஹான்தான். கதையிலேயே நேர்மையான ஆள் அவள்தான்.

டி.கே.எஸ். சகோதரர்கள் இதை நாடகமாக நடத்தினார்கள். 1935-ல் ராஜா சாண்டோ இயக்கத்தில் படமாகவும் வந்தது. என்.எஸ்.கிருஷ்ணனின் சினிமா வாழ்க்கை தொடங்கியது இதில்தான்.

சேலத்துக்கு வந்த சாமியார்

திகம்பர சாமியார் திரைக்கு வந்தது 1950-ல். எடுத்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், இயக்கியது டி.ஆர்.சுந்தரம். தர்மபுரி தனி மாவட்டமானது 1965-ல்தான். அதுவரை காரிமங்கலம், பென்னாகரம், அரூர் எல்லாமே சேலம் ஜில்லா. ஆக, அந்த ஊர்க்காரர்களுக்குச் சாமியார் சொந்த ஜில்லாவில் தயாரான சரக்கு. ஹீரோ யார் தெரியுமா? எம்.என்.நம்பியார். பிற்பாடு எம்.ஜி.ஆரிடம் அடிவாங்கியே பெயரெடுத்த அதே நம்பியார், இதில் வேடத்துக்கு மேல் வேடம் மாற்றிக் கெட்டவர்களைப் பிடிப்பார். கதையை எழுதியவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

எழுத்தாளர் வை.மு.கோதைநாயகியின் வாழ்க்கையிலும் வடுவூராருக்கு ஒரு பங்கு உண்டு. அவருடைய முதல் நாவல் ‘வைதேகி’ வெளிவர உதவினார். நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை 1925-ல் அவர் எடுத்து நடத்தியதும் இவர் யோசனையில்தான்.

கடைசித் துப்பு

நாவல்கள் நன்றாக விற்றன. வசதியாகவே இருந்திருக்கலாம். ஆனால் தடயங்களைக் கோத்துக் கோத்துப் பழகிய மூளை வரலாற்றுப் பக்கம் திரும்பியது. ஐயங்கார்களின் மூதாதையர் எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று ஒரு முடிவுக்கு வந்தார். சொல் ஒற்றுமைகளையும் பழக்கவழக்க ஒற்றுமைகளையும் வருடக்கணக்கில் சேகரித்து, ‘லாங் மிஸ்ஸிங் லிங்க்ஸ்’ என்ற ஆங்கிலப் புத்தகத்தைச் சொந்தக் காசில் போட்டார். மேனகாவுக்காகக் காத்திருந்த வாசகர்கள் இதை வாங்கவில்லை. அறிஞர்களும் கண்டுகொள்ளவில்லை. அவரை அறிந்திருந்த க.நா.சுப்ரமண்யம் இந்தக் கடைசிக் கால ஆராய்ச்சியைப் பற்றி எழுதியிருக்கிறார். புத்தகத்தால் கையைச் சுட்டுக்கொண்டு, திருவல்லிக்கேணி வீட்டையும் இழக்க நேர்ந்தது.

திகம்பர சாமியாராக இருந்திருந்தால் இந்தத் தடயங்களை இன்னொரு முறை சரிபார்த்திருப்பார்.

1942-ல் வடுவூரார் காலமானார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை. அதனால் 2003 முதல் அவருடைய எழுத்துகளை யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். புதிதாகப் படிக்கிறவர்கள் ‘மேனகா’வில் தொடங்கலாம். முதல் சில அதிகாரங்கள் மெதுவாகத்தான் போகும். வர்ணனைகளைத் தள்ளிவிட்டுப் போனாலும் தப்பில்லை. நாத்தனார்கள் இரண்டு பேரும் குசுகுசுக்க ஆரம்பித்த பிறகு போனைக் கீழே வைப்பது கஷ்டம்.