முன்சீப் வேதநாயகர்

நெடுங்காலம் நம் நாட்டில் வழக்காடியோரின் மொழி ஒன்றாகவும், அவர்தம் வழக்கை முடித்த மேல்மன்றத் தீர்ப்பின் மொழி மற்றொன்றாகவும் இருந்தன. நிலத்தை இழந்தவன், எக்காரணம் பற்றி அதனை இழந்தான் என்று அறிதற்கும் ஆங்கிலம் கற்றார் ஒருவரைத் தேடிச் செல்லல் வேண்டும். இந்நிலை கண்டு இரங்கியதோடு அமையாது, அதனை மாற்றத் தாமே எழுதுகோல் எடுத்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

இவர் 1826ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11ஆம் நாள், திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த குளத்தூரில் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை. அன்னையார் ஆரோக்கிய மரியம்மை. தியாகப் பிள்ளை என்பாரிடம் தமிழும் ஆங்கிலமும் பயின்றார். பின்னர்த் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும், அதன்பின் மொழிபெயர்ப்பாளராகவும் பணிபுரிந்தார். மொழிபெயர்ப்பு என்றால் எளிய எழுத்து வேலை என்று எண்ணற்க. சான்று கூறுவோன் சொல்லில் ஒன்று பிறழினும், ஒருவன் பொருள் பறிபோகும். குற்ற வழக்காயின் உயிரே பறிபோதலும் கூடும். சொல்லை நிறுத்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு அங்கேதான் வாய்த்திருத்தல் வேண்டும். 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் பதவி ஏற்றார். சீர்காழியிலும் மாயூரத்திலும் அப்பதவியில் அமர்ந்து நடுநிலை தவறாதவர் எனப் பெயர் பெற்றார்.

கும்பினியார் ஆட்சியில் சென்னை மாகாணத்துக்கு உயர்ந்த மன்றங்கள் இரண்டு இருந்தன. உரிமை வழக்குகளின் மேல்முறையீட்டைக் கேட்டது சதர் அதாலத்து. குற்ற வழக்குகளுக்கு மேலாக நின்றது பௌஜ்தாரி அதாலத்து. கீழ்மன்ற விசாரணையில் கொலைத்தண்டனைக்குரியவன் எனக் கண்டாலும், பௌஜ்தாரி அதாலத்து உறுதி செய்தாலன்றி எவனையும் தூக்கிலிடல் ஆகாது. இவ்விரு மன்றங்களும் 1862இல் சென்னை உயர்நீதிமன்றம் தோன்றியபொழுது அதனுள் அடங்கின.

இம்மன்றங்களின் தீர்ப்புகள் அச்சிடப்பெற்றன. வழக்கின் வரலாறு, இருதிறத்தார் கூற்று, ஆராயவேண்டிய சட்ட வினா, முடிபு, அம்முடிபுக்குக் காரணம் ஆகியவை தீர்ப்பு நூல்களில் இடம்பெறும். ஒத்த வழக்குக்கு ஒத்த முடிபு கிடைத்தல் வேண்டும். ஒரூரில் குற்றமெனப்பட்டது மற்றோரூரில் குற்றமன்று எனப்படுதல் கூடாது. இதன்பொருட்டே மேல்மன்றத் தீர்ப்பைக் கீழ்மன்றம் நோக்கி நடக்கின்றது. ஆனால், நூலோ ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ் மட்டுமே கற்ற வழக்கறிஞரும், ஊரில் வழக்குத் தீர்க்கும் பெரியோரும், வழக்காடும் குடியானவரும் அதனை எங்ஙனம் நோக்குவர்?

வேதநாயகர் 1805 முதல் 1861 வரை வெளிவந்த சதர் மன்றத் தீர்ப்புகளைத் திரட்டித் தமிழாக்கிச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயரால் வெளியிட்டார். பெயரைக் கேட்டு இதனைச் சமய நூல் என்று மயங்குவாரும் உண்டு. சித்தாந்தம் என்பது முடிந்த முடிபு. சங்கிரகம் என்பது தொகுப்பு. மன்றத்தின் முடிந்த முடிபுகளைத் தொகுத்த நூலுக்கு இதனினும் பொருத்தமான பெயர் அமைதல் அரிது. ஐம்பதாண்டுக்கும் மேற்பட்ட காலத்துத் தீர்ப்புகளை, முன்சீப் பதவியின் சுமைக்கிடையே ஒருவர் மொழிபெயர்த்தார் என்பது வியப்பையே தருகின்றது. சட்டத்துறைக்குரிய தமிழ்ச்சொற்கள் அன்று நிலைபெறாதிருந்தமையின், ஒவ்வொரு வரியிலும் சொல்லைத் தேட வேண்டியிருந்திருக்கும்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவருக்கு நெருங்கிய நண்பர். அவர் இவர்மீது ‘குளத்தூர்க் கோவை’ பாடினார். இவரே இயற்றிய ‘நீதிநூல்’ 1859இல் வெளிவந்தது. 1876 முதல் 1878 வரை பஞ்சம் வாட்டியபொழுது பசித்தோர்க்குத் தம் பொருளை வழங்கி உணவளித்தார். அதனைக் கண்டு கோபாலகிருஷ்ண பாரதியார் இவரைப் போற்றிக் கீர்த்தனை பாடினார். பதவியினின்று ஓய்வு பெற்றபின் மாயூர நகராட்சித் தலைவராகவும் தொண்டாற்றி, 1889ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 21ஆம் நாள் மறைந்தார்.

இன்று பலரும் இவரைப் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதிய கதையாசிரியர் என்றே அறிவர். 1879இல் வெளிவந்த அக்கதையைக் கையிலெடுப்போர் ஒரு பகுதியைத் தேடிப் படித்தல் நன்று. தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் வழக்கறிஞர் ஆங்கிலத்தில் வாதிடுதல் தகாது என்று அதில் விரிவாக உரைக்கப்படுகின்றது. கதைக்குள்ளும் முன்சீப் வேதநாயகர் ஓய்ந்திருக்கவில்லை.