ஒழுகாத பள்ளிக்கூடம் கேட்ட பெண்

1951-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள பார்ம்வில் ஊர்.

அங்குள்ள மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் டெலிபோன் மணி அடித்தது. மாணவர்கள் சிலர் ஊருக்குள் வம்பில் மாட்டிக்கொண்டதாகத் தகவல். தலைமை ஆசிரியர் பதறிப்போய்ப் புறப்பட்டார்.

அது பொய்த் தகவல்! அவரை வெளியே அனுப்ப மாணவர்கள் செய்த தந்திரம்.

உடனே எல்லா வகுப்புகளுக்கும் ஒரு சீட்டு போயிற்று. மண்டபத்துக்கு வரும்படி அதில் எழுதி இருந்தது. 450-க்கு மேற்பட்ட மாணவ-மாணவிகள் கூடினார்கள். திரை விலகியது. மேடையில் நின்றது தலைமை ஆசிரியர் அல்ல. 16 வயது மாணவி பார்பரா ஜான்ஸ்!

தார்த்தாள் கொட்டகை

அந்தக் காலத்தில் வர்ஜீனியாவில் வெள்ளையர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி. கறுப்பர் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி. சட்டமே அப்படி.

மோட்டன் கறுப்பர் பள்ளி. 180 பேருக்காகக் கட்டியது. இடம் போதாததால், தார் பூசிய தாளை ஒட்டிக் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். மழை பெய்தால் ஒழுகும். குளிர்காலத்தில் கோட்டைக் கழற்றாமலே பாடம் படிக்கவேண்டும். வெள்ளையர் பள்ளிக்கோ உடற்பயிற்சிக் கூடம், சாப்பாட்டுக் கூடம் எல்லாம் உண்டு.

ஒரு நாள் பார்பரா பஸ்சைத் தவறவிட்டாள். வெள்ளைப் பிள்ளைகளின் பஸ் அந்த வழியே போயிற்று. பாதி இடம் காலி. ஆனாலும் அவள் அதில் ஏற முடியாது. அன்றுதான் அவள் உள்ளத்தில் உறுதி பிறந்தது.

நல்ல பள்ளிக்கூடம் வேண்டும். அதுவரை வகுப்புக்குப் போவதில்லை என்று மேடையில் அவள் முழங்கினாள். எல்லோரும் வெளியேறினார்கள். 2 வாரம் ஸ்டிரைக் நடந்தது.

வழக்கு

ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் என்ற 2 வக்கீல்கள் வந்தார்கள். மாணவர்கள் கேட்டது புதுக் கட்டிடம். ஆனால், தனிப்பள்ளி முறையே ஒழியவேண்டும் என்று வழக்குப் போடச் சம்மதித்தால்தான் உதவி என்றார்கள் வக்கீல்கள். மாணவர்களும் பெற்றோர்களும் சம்மதித்தார்கள். மே 23-ந் தேதி வழக்குத் தாக்கல் ஆயிற்று.

மகளுக்கு ஆபத்து வருமோ என்று பெற்றோர் அஞ்சினார்கள். அலபாமா மாநிலத்தில் இருந்த பெரியப்பா வீட்டுக்கு அவளை அனுப்பிவிட்டார்கள். போராட்டத்தைத் தொடங்கியவள், வழக்கு முடியுமுன் ஊரை விட்டே போகவேண்டியதாயிற்று!

1954-ம் ஆண்டு மே 17-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. இதுபோன்ற 5 வழக்குகளை ஒன்றாக விசாரித்து, நிறத்தின் பெயரால் பள்ளிகளைப் பிரிப்பது சட்டவிரோதம் என்றது.

ஆனால் பார்ம்வில் அடங்கிய மாவட்டம் பணியவில்லை. 1959-ல் அரசாங்கப் பள்ளிகள் எல்லாவற்றையும் மூடிவிட்டது! வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி எழுந்தது. கறுப்பர் பிள்ளைகள் பலர் எழுத்து வாசனை இல்லாமல் வளர்ந்தார்கள். 1964-ல் சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் தலையிட்ட பிறகே கதவு திறந்தது.

பார்பரா பிலடெல்பியாவில் நூலகராக வேலை பார்த்தார். 5 பிள்ளைகளுக்குத் தாய் ஆனார். 1991-ல், 56-வது வயதில் இறந்தார். அவர் பெயரை அறிந்தவர் அன்று சிலரே.

அமெரிக்கப் பாராளுமன்றக் கட்டிடத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் 2 சிலைகள் உண்டு. வர்ஜீனியாவின் சிலைகளில் ஒன்று, அடிமைமுறையைக் காக்க எழுந்த படையை நடத்திய தளபதி லீயின் சிலை. அதை 2020-ல் எடுத்தார்கள். அதற்குப் பதிலாக 2025 டிசம்பரில் ஒரு பள்ளி மாணவியின் சிலையைத் திறந்தார்கள். கிழிந்த புத்தகம் ஒன்றைக் கையில் உயர்த்திப் பிடித்து நிற்கிறாள், 16 வயது பார்பரா!